லிஜியின் கணுக்காலுக்கு ஆறு வாரம்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கு உபயோகமாக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். என் பிள்ளைகள் வாங்கிய பதக்கங்களைப் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அதை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒரு பெண்ணின் நல்ல காலில் கட்டுப் போட்டு, அவளை நொண்டி நடக்கப் பழக்கிவிட்டது நான் ஒருத்திதான். அதை நான்தான் எழுதியாக வேண்டும்.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் உள்ள ஒரு கல்லூரியில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தேன். ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. தொண்டை மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டாலும் மைதானத்தின் மறுகோடிக்குக் கேட்கிற மாதிரிதான் கேட்கிறேன் என்று என் கணவர் சொல்கிறார். மற்றவர்கள் மலையாளத்தில் திட்டுகிற மைதானத்தில் தமிழில் திட்டுகிற ஆள் நான். எல்லையோரத்து வீடுகளிலிருந்து வருகிற பிள்ளைகளுக்கு அது ஒரு ஆறுதல் என்று பிற்பாடுதான் தெரிந்தது. லிஜி என்னைத் தேடி வந்ததற்கும் அதுவே காரணமாக இருக்கும்.

லிஜி வெள்ளறடைக்காரி. பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன். அப்பா செல்வராஜ் ஆட்டோ ஓட்டுகிறார். பழைய மிஷன் சபைக் குடும்பம். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் எங்கள் கல்லூரிக்கு வந்தாள். ட்ரிபிள் ஜம்ப் அவளுடையது. எங்கள் பக்கத்தில் தாண்டுவதைச் சாடுவது என்போம். ஓடி வந்து, பலகையை மிதித்து, ஒரே காலில் ஒரு சாட்டம், அடுத்து ஒரு எட்டு, கடைசியில் மணலுக்குள் ஒரு சாட்டம். அவள் ஓடி வரத் தொடங்கினால் வேலியோரத்தில் மேய்கிற மாடுகூடத் தலையைத் தூக்கும் என்று கேலி செய்வோம்.

இரண்டாம் வருடம் மழை தொடங்கிய சமயத்தில் அவள் சாடுகிற தூரம் குறைய ஆரம்பித்தது. ஒரு வாரம் பார்த்தேன், இரண்டு வாரம் பார்த்தேன். "மடி பிடிச்சுப் போச்சு பிள்ளே ஒனக்கு" என்று சோம்பேறிப் பட்டம் கட்டிக் கத்திவிட்டு நாலு சுற்று ஓடச் சொன்னேன். பழைய லிஜியாக இருந்தால் வாதாடி இரண்டு சுற்றாகக் குறைத்திருப்பாள். இவள் ஒரு வார்த்தை பேசாமல் நாலையும் ஓடிவிட்டு வந்து நின்றாள். சொன்னதைக் கேட்கிறாளே என்று எனக்குச் சந்தோஷம். முப்பது வருட அனுபவம் என்று பெருமை அடித்துக்கொள்கிறோம், அதன் லட்சணம் இதுதான்.

பிறகு ஒரு நாள் காலை பத்து மணி வாக்கில், வகுப்பு நேரத்தில், விளையாட்டுச் சாமான் அறைக்கு வந்தாள். நான் வலை பின்னலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். கதவைப் பாதி சாத்திவிட்டு உயரத் தாண்டும் மெத்தையின் நுனியில் உட்கார்ந்தாள்.

"டீச்சரே, ஒரு காரியம் செல்லணும்."

"செல்லு," என்றேன். சொல் என்பது எங்கள் பேச்சில் அப்படித்தான்.

"எனக்கு ஒறக்கம் இல்ல. சோறு எறங்கேல்ல. சாடுறதுக்கு ஓடி வரும்போ, பலகைக்குப் பக்கத்துல வந்தப்பொறம், 'என்னத்துக்கு?'ன்னு உள்ள ஒரு சத்தம் கேக்கும். அதோட காலு நின்னு போவும்."

இந்த இடத்தில் எனக்குப் பயிற்சி கொடுத்தவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் மாணவியாக இருந்தபோது எங்கள் பயிற்சியாளர் ஒருவர், பெயர் வேண்டாம், பிள்ளைகள் வலி என்று வந்தால் ஒரே ஒரு வாக்கியம்தான் சொல்வார்: "தொட்டுக் காட்டு." தொட்டுக் காட்டினால் ஐஸ் வைப்பார், கட்டுப் போடுவார், மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார். காட்ட முடியாவிட்டால் மைதானத்துக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான். நல்ல மனிதர். அவரால்தான் நான் இந்த வேலைக்கு வந்தேன். அவருடைய அந்த வாக்கியத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

லிஜியிடமும் அதைத்தான் சொன்னேன். "எங்க நோவுதுன்னு தொட்டுக் காட்டு மக்கா."

அவள் கையைத் தூக்கினாள். நெஞ்சுக்குக் கொண்டுபோனாள், தலைக்குக் கொண்டுபோனாள், பிறகு மடியில் போட்டுக்கொண்டாள். "தொட முடியேல்ல டீச்சரே" என்றாள்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. அந்தப் பயம் வந்ததற்காக மட்டும் இன்றைக்கும் என்னை நானே கொஞ்சம் மன்னிக்கிறேன். சுற்றி வளைக்காமல் கேட்டேன்: "சாவணும்னு தோணுதா?" மெத்தையின் தையலை நகத்தால் கீறினாள். "விடியும்போ எழும்பாமலே இருந்தா நல்லதுன்னு தோணும்" என்றாள். அன்று மத்தியானமே அவளை நெய்யாற்றின்கரைக்கு அழைத்துப் போனேன். அங்கே ஒரு மனநல மருத்துவர் இருந்தார், நடுவயதுப் பெண்மணி. லிஜியோடு ஒரு மணி நேரம் தனியாகப் பேசினார். பிறகு அவளுடைய சம்மதத்தோடு என்னையும் உள்ளே கூப்பிட்டார். தினமும் மருந்து, வியாழக்கிழமைதோறும் வந்து பேச வேண்டும், தானாக எதையும் நிறுத்தக் கூடாது என்றார். எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டேன். மாதக்கணக்கில் ஆகும், இப்போதே எண்ணிச் சொல்ல முடியாது என்றார். வீட்டில் ஒருவருக்காவது தெரிந்தால் நல்லது, அதை அவளே அவளுக்குத் தோன்றும்போது சொல்லட்டும் என்றும் சொன்னார்.

இதுவரை நான் செய்தது சரி. நீங்களும் இதைச் செய்வீர்கள், சந்தேகம் இல்லை. பயப்படுங்கள், நேராகக் கேளுங்கள், அன்றைக்கே அழைத்துப் போங்கள். என் தப்பு பஸ் நிறுத்தத்தில் ஆரம்பித்தது.

"டீச்சரே, ஆளுவ கேட்டா என்ன செல்ல?" என்றாள் லிஜி. "சபையில தெரிஞ்சா ஞாயித்துக்கிழமை பேரு செல்லி ஜெபிப்பாவ. எல்லாரும் திரும்பிப் பாப்பாவ. கோட்டாவுல இருந்து எடுத்துப் போடுவாவளா?"

நல்ல கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் உட்கார்ந்து பதில் சொல்லியிருக்கலாம். யாரிடம் என்ன சொல்லலாம், என்ன சொல்ல வேண்டாம் என்று அவளிடமே கேட்டிருக்கலாம். 'சிகிச்சையில் இருக்கிறாள், மருத்துவர் சொல்லும்போது திரும்புவாள்' என்ற ஒரு வரிக்கு மேல் யாருக்கும் நாம் கடன்படவில்லை. எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. "அத எனக்கு விடு" என்றேன்.

மறுநாள் சாமான் அறையில் க்ரேப் பேண்டேஜை எடுத்து வைத்துக்கொண்டு, "எந்தக் காலு?" என்று கேட்டேன். வளையல் கடையில் எந்த நிறம் என்று கேட்பது போலத்தான் கேட்டேன். அவளுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. புரிந்ததும் சிரித்தாள். பல வாரங்களுக்குப் பிறகு அவள் சிரித்துப் பார்க்கிறேன். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "இடது" என்றாள். இடது கணுக்காலைச் சுற்றிக் கட்டினேன். வியாழக்கிழமைகளில் நெய்யாற்றின்கரைக்குப் போவது பிசியோ சிகிச்சைக்கு என்று முடிவாயிற்று. அவளுடைய துறைக்கு 'கணுக்கால் தசைநார்க் காயம்' என்று என் கையாலேயே கடிதம் எழுதினேன்.

அதோடு விட்டேனா? கதவைச் சாத்திவிட்டு அவளை நடக்கச் சொன்னேன். கட்டுப் போட்ட காலைச் சாதாரணமாக ஊன்றி நடந்தாள். "ஏட்டி, அது உளுக்குன கால். குதிகால ஊணாத, முன்னால மட்டும் தொடு" என்று திருத்தினேன். அறையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நாலைந்து தடவை நடக்கவைத்தேன். சாடுவதற்கு அடி வைக்கச் சொல்லிக்கொடுத்த அதே குரலில் நொண்டுவதற்கும் சொல்லிக்கொடுத்தேன். எல்லாவற்றையும் எழுதிவிட்டேன், இதை எழுதும்போதுதான் கை கூசுகிறது. உயிரோடு இருக்க வேண்டும் என்று உதவி கேட்டு வந்த பெண்ணுக்கு, நீ கேட்டு வந்தது வெளியே காட்டக்கூடாத சமாச்சாரம் என்று நான் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்போது அது கருணை என்று நினைத்தேன்.

கணுக்கால் என்றதும் கல்லூரியே திரண்டு வந்தது. உளுக்கு, அதாவது சுளுக்கு என்றால் எங்கள் ஊரில் மருத்துவம் தெரியாத ஆளே கிடையாது. ஆங்கிலத்துறை ஆசிரியை வீட்டிலிருந்து தைலம் கொண்டுவந்தார். கேன்டீன்காரர் புளியிலையை வேகவைத்துக் கட்டச் சொன்னார். குண்டு எறிகிற சஜிதா, பெண்கள் அணியின் கேப்டன், லிஜியின் பையையும் தன் பையையும் ஒரே தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். சஜிதா எங்கள் அணியின் சிரிப்பு. தோற்றுப்போன பிள்ளையை இரண்டு நிமிடத்தில் சிரிக்க வைத்துவிடுவாள். அவள் பக்கத்தில் இருந்தால் எனக்குப் பாதி வேலை மிச்சம்.

ஒரு திங்கட்கிழமை லிஜி வந்து சொன்னாள்: "டீச்சரே, நேத்து சபையில எனக்க இடது காலுக்கு ஜெபிச்சாவ. பாஸ்டர் கணுக்காலுன்னு எடுத்துச் சென்னாரு. எல்லாரும் கண்ண மூடி இருந்தாவ. எனக்கு மட்டும் கண்ண மூட முடியேல்ல."

நான் சிரித்தேன். அந்த ஜெபத்தை எங்கே அனுப்ப வேண்டும் என்று கடவுளுக்குத் தெரியும் என ஏதோ சாமர்த்தியமாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அவள் சொன்னது வேடிக்கை அல்ல என்று அன்று இரண்டு வினாடி நின்று கவனித்திருந்தால் போதும்.

ஜெபத்துக்கு அடுத்தது ஆசான். வெள்ளறடைப் பக்கம் வர்ம வைத்தியம் பார்க்கிற ஆசான்கள் உண்டு. செல்வராஜ் மகளை அப்படி ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். ஆசான் கட்டை அவிழ்த்து, கணுக்காலைப் பிடித்து, திருகி, அழுத்திப் பார்த்துவிட்டு, இந்தக் காலுக்கு ஒரு தீனமும் கிடையாது, நோயே இல்லை, பிள்ளை கள்ளம் காட்டுகிறாள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்தக் கதையில் உண்மையைச் சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

அன்று பிற்பகல் செல்வராஜ் மகளையும் ஏற்றிக்கொண்டு நேரே கல்லூரிக்கு வந்துவிட்டார். ஆட்டோவை மைதானத்து வாசலில் போட்டுவிட்டு, காக்கிச் சட்டையோடு என் முன்னால் வந்து நின்றார். பக்கத்தில் லிஜி.

"டீச்சரே, இவ பொய் செல்லுகாளா? காலுக்கு ஒண்ணும் இல்லைன்னு ஆசான் செல்லுகாரு. பிறவு என்னத்துக்கு எல்லா வியாழக்கிழமையும் பஸ் கேறிப் போறா? எனக்கு ஒண்ணும் விளங்கேல்ல."

அவர் கோபமாகக் கேட்கவில்லை. கலங்கிப்போய்க் கேட்டார். மகளிடம் என்னவோ சரியில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது, அது என்னவென்று சொல்ல ஆள் தேடி வந்திருக்கிறார். லிஜி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை அன்று நான், காப்பாற்றுங்கள் டீச்சர் என்று படித்தேன். இன்றைக்கு யோசித்தால், சொல்லிவிடலாமா என்று கேட்கிற பார்வையாகவும் இருந்திருக்கலாம். அவளைத் தனியே கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

நான் என் மைதானத்துக் குரலை எடுத்தேன். "ஆசானுக்கு ஸ்கேன் பாக்கத் தெரியுமா? உள்ள தசைநாரு கிழிஞ்சு கெடக்குது. கையால பிடிச்சா காணுமா? முப்பது வருஷமா நான் காலு பாக்குதேன். பிள்ளைய நம்பாம ஊரெல்லாம் கொண்டு நடக்காதுங்க." ஸ்கேனே எடுக்கவில்லை. செல்வராஜ் அப்படியே ஒடுங்கிப் போனார். மகளின் பக்கம் திரும்பி, "செமி மக்கா" என்றார். மன்னித்துக்கொள் என்று. மகளிடம் கைகூப்பாத குறை. லிஜி அவரைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். நான் விசிலை எடுத்து ஊதிக்கொண்டு மைதானத்துக்குள் போய்விட்டேன்.

இனி இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு வருகிறது. நன்றாகக் கவனியுங்கள்.

கணுக்கால் என்றால் நமக்கு நாள் தெரியும். லேசான உளுக்குக்கு இரண்டு வாரம், நார் பாதி கிழிந்தால் ஆறு வாரம். யார் கேட்டாலும் வாயில் தயாராக இருக்கும். "லிஜி எப்ப வருவா?" என்று முதல்வர் கேட்டார், சக ஆசிரியர்கள் கேட்டார்கள், பிள்ளைகள் கேட்டார்கள். "ஆறு வாரம்" என்றேன் எல்லோரிடமும். பொய்யைக் கச்சிதமாகச் சொல்ல வேண்டும் அல்லவா. மருத்துவர் எண்ணிச் சொல்ல முடியாது என்றதற்கு நான் எண்ணிக்கை கொடுத்துவிட்டேன். சொல்லிச் சொல்லி நானே அதை நம்பவும் ஆரம்பித்தேன். என் மேஜையில் இருந்த நாள்காட்டியில் ஆறாம் வாரத்தின் கடைசி நாளைச் சுழித்து வைத்திருந்தேன். பல்கலைக்கழகத் தடகளப் போட்டி ஏழாம் வாரம்.

அவளும் தேறித்தான் வந்தாள். உறக்கம் வந்தது, கன்னம் கொஞ்சம் நிரம்பியது. ஆறாம் வாரம் முடிந்த அன்று, எல்லோரும் பார்க்க, நானே கட்டை அவிழ்த்தேன். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

"டீச்சரே, அப்ப வியாழக்கிழமை?" என்று லிஜி மெதுவாகக் கேட்டாள்.

"காலு சரியானவளுக்கு பிசியோ என்னத்துக்கு?" என்றேன். பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள், அதனால் அப்படிச் சொன்னேன். அப்புறமாக அவளைத் தனியே கூப்பிட்டு, வேறு ஏதாவது காரணம் கண்டுபிடிக்கலாம் என்று சொல்ல நினைத்திருந்தேன். சத்தியமாக நினைத்திருந்தேன். போட்டிக்குப் பெயர்ப் பட்டியல், வண்டி, உடுப்பு என்று நாள் ஓடிவிட்டது. அந்த வியாழக்கிழமை அவள் போகவில்லை. அடுத்த வியாழனும் போகவில்லை. மருந்தையும் நிறுத்திவிட்டாள் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் கேட்கவும் இல்லை.

போட்டியில் மூன்றாவதாக வந்தாள். கழுத்தில் துண்டைப் போட்டுத் தூக்கிக் கொண்டாடினோம். அன்று எடுத்த படத்தில் எல்லோரையும் விட அகலமாகச் சிரித்துக்கொண்டு நிற்பது நான்தான்.

போட்டி முடிந்து மூன்றாம் வாரம், காலை பதினோரு மணிக்கு செல்வராஜ் போன் செய்தார். "டீச்சரே, பிள்ள மூணு நாளாட்டு எழும்பேல்ல. வெள்ளம் குடிக்கேல்ல. கண்ணத் தொறந்து கெடக்கா, விளிச்சா பேசேல்ல. நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்திருக்கேன். ஒண்ணு வருவீங்களா?"

போனேன். அவசர சிகிச்சைப் பிரிவில் இளம் மருத்துவர் ஒருவர் செல்வராஜிடம் வரிசையாகக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். இதற்கு முன் ஏதாவது நோய்க்குச் சிகிச்சை உண்டா, தொடர்ந்து சாப்பிட்ட மருந்து ஏதாவது திடீரென்று நிறுத்தப்பட்டதா என்று கேட்டார். செல்வராஜ் மிகுந்த கவனத்தோடு பதில் சொன்னார். "காலு உளுக்குனதுதான் சாரே. இடது காலு. அதுக்குக் குளிகை கழிச்சா, வேற மருந்து ஒண்ணும் கழிக்கேல்ல. இதா, டீச்சர் வந்தாவ, இவங்களுக்குத்தான் எல்லாம் தெரியும்."

மருத்துவர் என் பக்கம் திரும்பினார்.

நெருக்கடியில் எப்படி முடிவெடுப்பது என்று பயிற்சி முகாம்களில் நான் வகுப்பே எடுத்திருக்கிறேன். அந்த இடத்தில் எனக்கு முதலில் தோன்றியதைச் சொல்கிறேன். மாட்டிக்கொண்டோமே என்று தோன்றியது. கட்டிலில் ஒரு பெண் கண்ணைத் திறந்துகொண்டு கிடக்கிறாள், நான் செல்வராஜின் முகத்தில் எப்படி விழிப்பது என்று யோசித்துக்கொண்டு நின்றேன். சில வினாடிகள்தான். ஆனாலும் நின்றேன்.

பிறகு கட்டிலருகே போய்க் குனிந்தேன். "மக்கா, நான் செல்லட்டா?"

அவள் கண் என்மேல் வந்தது. உதடு காய்ந்து ஒட்டியிருந்தது. "செல்லுங்க டீச்சரே," என்றாள். "எனக்கு நொண்டி நொண்டி மடுத்துப் போச்சு, சலிச்சுப் போச்சு."

எல்லாவற்றையும் சொன்னேன். மருத்துவரிடம் சொல்லி முடித்து, செல்வராஜிடம் திரும்பி முதலிலிருந்து இன்னொரு தடவை சொன்னேன். ஸ்கேன் எடுக்கவே இல்லை என்றும் சொன்னேன். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும். அவர் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, மகளின் பாதத்தைப் பிடித்துக்கொண்டார்.

"எல்லா வியாழக்கிழமையும் ரெண்டு பஸ் மாறிப் போனா டீச்சரே," என்றார். "நான் ஸ்டாண்டுல ஓட்டம் இல்லாம சும்மாவாக்கும் கெடந்தேன். எனக்கு அறிஞ்சிருந்தா நான் கொண்டு விட்டிருப்பேனே."

 

லிஜியை முதலில் பார்த்த அந்த மருத்துவரிடமே சிகிச்சை மறுபடியும் ஆரம்பித்தது. ஒரு தடவை அவர் என்னைத் தனியே உட்காரவைத்துக் கேட்டார். மலையாளத்தில், குரலை உயர்த்தாமல்தான் கேட்டார்: "காலில் காயம் என்று சொன்னீர்கள், சரி, அது உங்கள் அவசரம். நாள் எதற்குக் குறித்துக் கொடுத்தீர்கள்? அந்தப் பிள்ளை உங்கள் நாளுக்குள் குணமாகிவிட முயற்சி செய்திருக்கிறாள்." முப்பத்தொரு வருடத்தில் என்னை அந்த அளவுக்கு யாரும் திட்டியதில்லை.

அந்த வருடம் முழுக்க அவள் போட்டிக்கு வரவில்லை. கோட்டாவிலிருந்து யாரும் அவளை எடுத்துப் போடவும் இல்லை. முதல்வரிடம் நான் போய் 'சிகிச்சையில் இருக்கிறாள்' என்று ஒரு வரி சொன்னேன், அவர் சரி என்று தலையாட்டினார். அவ்வளவுதான். நான் அத்தனை பாடுபட்டுக் கட்டிய பொய்க்கு அந்த இடத்தில் தேவையே இருந்திருக்கவில்லை.

இதை எழுதலாமா என்று போன மாதம் லிஜியிடம் கேட்டேன். இப்போது ஒரு பள்ளியில் சிறு பிள்ளைகளுக்கு ஓட்டம் சொல்லிக்கொடுக்கிறாள். எழுதுங்கள் என்றாள், ஒரு நிபந்தனையோடு: "உங்க தப்ப கொறச்சு எழுதப்பிடாது கேட்டியளா?" குறைத்திருக்கிறேனா என்று தெரியவில்லை. இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

மருத்துவர் அனுமதித்த பிறகு அவள் மைதானத்துக்குத் திரும்பிய முதல் நாள். காலை வெயில் நன்றாக ஏறியிருந்தது. வழக்கம்போலப் பிள்ளைகளை வட்டமாக நிற்கவைத்தேன். எல்லோரும் லிஜியைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "லிஜிக்கு கொறே நாளா மேலுக்கு சொகமில்லாம, காய்ச்சலும் அதுவுமாட்டு" என்று ஆரம்பித்தேன். அத்தனையும் நடந்து முடிந்த பிறகும் என் வாயில் வந்தது அதுதான்.

"டீச்சரே, நான் செல்லுதேன்" என்று லிஜி ஒரு எட்டு முன்னால் வந்தாள்.

"எனக்கு காலுக்கு ஒண்ணும் இருக்கேல்ல. மனசுக்காக்கும் தீனம். குளிகை கழிக்கேன். வியாழக்கிழமை டாக்டரப் பாக்கப் போவேன். எப்ப தீரும்னு அறியேல்ல. தீரும்போ தீரும்."

 ஒருத்தி குனிந்து ஷூ நாடாவைக் கட்டினாள், அது கட்டித்தான் இருந்தது. சஜிதாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"எனக்கு அன்னைக்கே தெரியும். ரெண்டாவது வாரம் கட்டு இடது கால்ல இருந்துது, நீ நொண்டுனது வலது கால்ல."

எல்லோரும் வெடித்துச் சிரித்தார்கள். லிஜியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்த சஜிதா, உள்ளங்கையில் ஒட்டியிருந்த சுண்ணப்பொடியைக் கால்சட்டையில் துடைத்தாள்.

"வியாழக்கிழமை எத்தன மணிக்கு போவ?" என்று லிஜியிடம் கேட்டாள். "நானும் வாறேன்."

இதையும் வேடிக்கை என்று நினைத்து ஒருத்தி சிரித்தாள். சஜிதா சிரிக்கவில்லை. கீழுதடு நடுங்கிக்கொண்டிருந்தது.

"ரெண்டரைக்கு," என்றாள் லிஜி. "அப்பா ஆட்டோ கொண்டு வருவாரு. கூட கேறிக்க."

லிஜியின் நொண்டல் பொய் என்று சஜிதாவுக்கு இரண்டாம் வாரமே தெரிந்திருக்கிறது. அதைச் சொல்லிக்கொடுத்தது நான்தான் என்றும் தெரியாமல் இருந்திருக்காது. என்னிடம் வந்து வாய் திறந்தால் என்ன கிடைக்கும் என்று அவள் கண்ணாலேயே பார்த்துவிட்டாள். தன் மனசின் தீனத்தைத் தன்னோடு வைத்துக்கொண்டு, சொல்லக்கூடிய வேறு ஆள் வரும்வரை காத்திருந்தாள். வந்தது லிஜி.

லிஜியிடம் கேட்டபோது சஜிதா என் பக்கம் திரும்பவே இல்லை. மூன்று வருடமும் அவள் என் பக்கத்தில்தான் நின்றாள்.